மாலுமியின் புகையிலைச் செப்பு

லூமுட் படகுத்துறையிலிருந்து பங்கோர் தீவுக்குச் செல்வோர், அங்குள்ள தெலுக் கெடோங்கில் கூரையற்ற செங்கல் கோட்டை ஒன்றைக் காணலாம். பேராக்கில் கிடைத்த ஈயத்தைச் சேமித்து வைப்பதற்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1670இல் அமைத்த கோட்டை அது. 1690இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கினர். 1743இல் மீண்டும் சீரமைத்த டச்சுக்காரர்கள், 1748இல் அதை விட்டு நீங்கினர்.

அக்காலத்தில் ஹாலந்திலிருந்து ஆசியாவுக்கு வர, கப்பலில் பல மாதங்கள் ஆகும். தோட்டத்துப் பாட்டிமார் சுண்ணாம்பு டப்பாவை மடியில் செருகிக்கொண்டதைப்போல, டச்சு மாலுமிகள் புகையிலைச் செப்பைச் சட்டைப் பையில் வைத்திருந்தனர். புகையிலை உடலுக்குக் கேடு. ஆனால், அச்செப்பின் வேலைப்பாடு காணத்தக்கது. மஞ்சள் நிறப் பித்தளையும் சிவந்த செம்பும் இணைந்த நீள்வடிவச் செப்புகளில் விவிலியக் காட்சிகளும் கப்பல்களும் செதுக்கப்பட்டன.

அவற்றுள் பீட்டர் ஹோல்ம் உருவாக்கிய செப்பு தனித்தன்மை வாய்ந்தது. சுவீடனில் பிறந்த அவர், 18ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் மாலுமிகளுக்குக் கடற்பயணக் கலையைக் கற்பித்தவர். அவருடைய பித்தளைச் செப்பின் மேல்மூடியில் எந்த ஆண்டுக்கும் பயன்படும் நாள்காட்டி இருந்தது. நாள்காட்டியைத் திருத்திய ஜூலியஸ் சீசர், போப் கிரகோரி ஆகிய இருவரின் உருவங்களும் அதில் இடம்பெற்றன.

அடிப்பக்கத்தில் இருந்ததோ வேக அட்டவணை. கப்பலின் பக்கவாட்டில் இரண்டு குறிகள் இடப்பட்டிருக்கும். மாலுமி ஒருவர் முன்புறத்திலிருந்து மரத்துண்டு ஒன்றைக் கடலில் எறிவார். ஒரு குறியிலிருந்து மறு குறியை அது கடக்கும் நேரத்தைக் கணித்து, அட்டவணையில் வேகத்தைப் பார்ப்பார். எடுத்துக்காட்டாக, 12 மீட்டரை 6 வினாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 7.2 கிலோமீட்டர்.

இக்கணக்கில் உயிர்கள் அடங்கியிருந்தன. ஆப்பிரிக்காவின் தென்முனையைக் கடந்த கப்பல்கள் மேலைக்காற்றின் துணையுடன் நெடுந்தொலைவு கிழக்கே ஓடி, பின்னர் ஜாவாவை நோக்கி வடக்கே திரும்ப வேண்டும். தீர்க்கரேகையை அறியத் தக்க கருவி இல்லாததால், வேகத்தையும் நாளையும் வைத்தே தொலைவைக் கணக்கிட்டனர். திரும்பத் தாமதித்தால் ஆஸ்திரேலியாவின் பாறைகளில் மோத நேரிடும். 1629இல் ‘பத்தாவியா’ என்னும் கப்பல் அப்படித்தான் அங்குள்ள பவளப்பாறையில் சிக்கி உடைந்தது. ஜான் ஹாரிசனின் புகழ்பெற்ற கடற்கடிகாரம் 1761இல்தான் நெடும்பயணத்தில் சோதிக்கப்பட்டது. அத்தகைய கடிகாரங்கள் சாதாரணக் கப்பல்களுக்குக் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை மாலுமிகள் மரத்துண்டையே எறிந்துகொண்டிருந்தனர்.