விற்கலாமா என்றொரு பாடம்

சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தத்துவ மாணவர்களுக்குப் பயன்பாட்டு அறவியல் நடத்துகிறேன். பருவத்தின் முதல் வாரம் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை. ‘கடனை அடைக்க ஒருவர் தன் சிறுநீரகத்தை விற்கலாமா?’ என்று கேட்பேன். இங்குள்ள வில்லிவாக்கத்தை, சிறுநீரக விற்பனையால், ‘கிட்னிவாக்கம்’ என்று கேலியாகச் சொன்ன காலம் உண்டு. அதனால் இந்த ஊரில் இது வெறும் கற்பனைக் கேள்வியாக இருக்க வழியில்லை.

‘சட்டப்படி தப்பு மேடம்’ என்று உடனே ஒரு குரல் வரும். சரிதான். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடுக்கிறது. ‘அப்படியானால் 1993-இல் விற்றவர் செய்தது சரியா?’ என்று கேட்டால் வகுப்பு யோசிக்கத் தொடங்கும். சட்டம் வேறு, அறம் வேறு என்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து, ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்பார் ஒருவர். பிறருக்குத் தீங்கில்லாதவரை தனிமனிதர் விருப்பத்தில் தலையிடக் கூடாது என்று 1859-இல் வாதிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில்லை அப்போது அறிமுகப்படுத்துவேன். எதிரணிக்கு இமானுவேல் காண்ட். மனிதருக்கு இருப்பது மதிப்பு, விலை இல்லை என்றவர் அவர். பல்லை விற்பதே தவறு என்று 1797-இல் எழுதினார். காசுக்காகத் தலைமுடியை விற்பதையும் முழுக்கக் குற்றமற்றதாக அவர் கருதவில்லை. ‘அப்போ சவுரிமுடி வியாபாரம்?’ என்று கடைசி பெஞ்ச் சிரிக்கும். எங்கே கோடு போடுவது என்ற விவாதம் மணி அடித்தும் ஓயாது.

அதற்குப் பிறகுதான் தரவுகளைக் கொடுப்பேன். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001-இல் நடத்திய ஆய்வு மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. விற்றவர்களில் 96 சதவீதத்தினர் கடனுக்காக விற்றவர்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இதைப் படித்ததும் மில் அணி தடுமாறும்: கடன்காரர் வாசலில் நிற்கும்போது சொல்லும் ‘சம்மதம்’ எவ்வளவு சுதந்திரமானது? ஆனால் அந்த அணியும் விடாது. குற்றம் விற்பனையிலா, தரகர்களிடமா? ஈரானில் அரசு ஒழுங்குமுறையின்கீழ் பணம் கொடுத்துச் சிறுநீரகம் பெறுகிறார்களே?

எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. எதிராளி படித்து ‘ஆமாம், இதுதான் என் வாதம்’ என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் தரப்பை எழுதிவிட்டுத்தான் அதை மறுக்க வேண்டும். பலரும் திணறுவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பயிற்சிக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்று 250 மதிப்பெண் தாள் உண்டு. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2019 விதிகளின்படி அந்தக் குழுவில் மருத்துவர்களோடு சட்டம் தெரிந்தவரும் சாதாரணக் குடிமகனும் உட்கார வேண்டும். தத்துவம் படித்தவருக்கும் அங்கே இடமுண்டு.

இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்கும் பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொல்வேன். நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றை எதிர்த்து நேர்மையாக இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். மூன்றாவது பக்கத்துக்குக் கை பரபரத்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.