படகின் இயந்திரம் மாறும்போது சுழல்விசிறியும் மாறவேண்டும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், தமிழ்நாட்டை ஒட்டி அமைந்துள்ள ஊர் கொழிஞ்சாம்பாறை. கிணற்று நீரைக் கொண்டு பயிர் செய்வோர் நிறைந்த பகுதி அது. பம்பு ஒன்றுக்கு ஏற்ற மோட்டாரை வேறொரு பம்பில் பூட்டினால் நீர் பெருகுவதில்லை, மோட்டாரே சூடேறி எரிகின்றது என்பதை அங்குள்ள குடியானவர் அனுபவத்தால் அறிவர். திறன் எவ்வளவு என்பதினும், அத்திறன் நீரோடு எவ்வாறு பொருந்துகின்றது என்பதே முதன்மையானது. இவ்வுண்மை படகுக்கும் அவ்வாறே பொருந்தும்.

கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டத்தில் மீன்கரை, சுள்ளியாறு முதலிய நீர்த்தேக்கங்கள் உள்ளன. அதற்கு வடமேற்கே மலம்புழையும், தெற்கே இடுக்கி மாவட்டத்து மலைகளில் மாட்டுப்பட்டி முதலியனவும் உள்ளன. இத்தகைய நீர்நிலைகளில் வெளிப்பொருத்து இயந்திரம் கொண்டு படகு செலுத்தும் பணியாளர், பழைய இயந்திரம் தேய்ந்தபின் புதியதை வாங்குகையில், சுழல்விசிறியைப் பற்றி எண்ணுவது அரிது. பழையது நல்ல நிலையில் இருந்தால் அதையே பூட்டிவிட முனைவர். அல்லது புதிய இயந்திரத்தோடு வந்ததை அவ்வாறே ஏற்பர். இரண்டும் தவறாக முடியக்கூடும்.

ஒரு பழைய நிகழ்ச்சி

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பார் 1836-ஆம் ஆண்டில் திருகு வடிவான சுழல்விசிறிக்கு உரிமம் பெற்றார். அவர் முதலில் அமைத்தது மரத்தாலான நீண்ட திருகு. 1837-இல் நடந்த சோதனையோட்டத்தில் அத்திருகின் ஒரு பகுதி உடைந்து வீழ்ந்தது. படகு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர் வியக்குமாறு, அது முன்னிலும் விரைந்து ஓடிற்று. இயந்திரம் அதுவே, படகும் அதுவே. மாறியது திருகு மட்டுமே. பெரிய விசிறியே சிறந்தது என்னும் எண்ணம் பிழை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டு எண்கள்

சுழல்விசிறியின் குடத்தில் பெரும்பாலும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது புரிக்கோல். மரத்தில் திருகாணியைச் செலுத்தும்போது ஒரு முழுச் சுற்றில் அது எவ்வளவு தூரம் உட்புகுகின்றதோ அதுவே அதன் புரிக்கோல். சுழல்விசிறியும் அத்தகையதே. 10 அங்குலப் புரிக்கோல் உடையது, நீர் திண்மையாயிருப்பின், ஒரு சுற்றில் 10 அங்குலம் முன்னேறும். நீர் நெகிழ்வதால் உண்மையில் முன்னேறும் தூரம் குறைவு. இக்குறைவிற்கு நழுவல் என்று பெயர். இலேசான விரைவுப் படகுகளில் நழுவல் 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கலாம். சுமை ஏற்றிய கனத்த படகுகளில் அது மிகுந்து காணப்படும்.

இயந்திரத்தின் சுற்றுகள் அனைத்தும் விசிறியை அடைவதில்லை. அடிப்பகுதியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் குறைக்கின்றன. இக்குறைப்பு விகிதம் இயந்திரத்திற்கு இயந்திரம் வேறுபடும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

பழைய இயந்திரம் நிமிடத்திற்கு 5000 சுற்று சுழல்வது. விகிதம் 2-க்கு 1. விசிறிக்குக் கிடைப்பது 2500 சுற்று. புரிக்கோல் 10 அங்குலமாயின், கணக்கின்படி நிமிடத்திற்கு 25,000 அங்குலம், அதாவது 635 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். படகு உண்மையில் 24 கிலோமீட்டர் ஓடினால் நழுவல் 37 விழுக்காடு. இனி, புதிய இயந்திரம் 5500 சுற்று சுழல்வது; விகிதம் 2.5-க்கு 1 எனக் கொள்வோம். விசிறிக்கு 2200 சுற்றே கிடைக்கும். முன்னைய கணக்கு வேகத்தையே பெற, புரிக்கோல் ஏறக்குறைய 11½ அங்குலமாதல் வேண்டும். ஆகவே, பழைய விசிறி புதிய அச்சில் எளிதில் பொருந்தினாலும் வேலைக்குப் பொருந்தாது.

சோதித்து முடிவு செய்தல்

மேற்கண்ட கணக்கு தொடக்கத்திற்கு மட்டுமே உதவும். முடிவு நீரிலேயே காணப்படவேண்டும். ஒவ்வோர் இயந்திரத்தின் கையேட்டிலும், முழு விசையில் அது சுழலவேண்டிய எல்லை குறிக்கப்பட்டிருக்கும். வழக்கமான ஆட்கள், வலை, எரிபொருள் ஆகியவற்றை ஏற்றி, விசைப்பிடியை முழுதும் திறந்து, சுழற்சிமானியைப் பார்த்தல் வேண்டும். வெறும் படகில் செய்யும் சோதனை ஏமாற்றிவிடும்.

கையேட்டின் எல்லை 5000 முதல் 6000 வரை என்றும், 11 அங்குலப் புரிக்கோலில் சோதனையில் 4900 சுற்றே கிடைத்தது என்றும் கொண்டால், விசிறி இயந்திரத்திற்கு மிகையான பளுவாயிருக்கின்றது. மலைப்பாதையில் மேல் கியரிலேயே ஏற முயலும் வண்டியைப் போல் அது திணறும். உருளைகளில் வெப்பம் மிகும், பிஸ்டன் கெடும், எரிபொருள் வீணாகும். புரிக்கோலை ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது பொதுவிதி. எனவே 9 அங்குல விசிறியைப் பூட்டினால் 5300 அளவில் எதிர்பார்க்கலாம். மாறாக, 6000-ஐக் கடந்து சுழன்றால் புரிக்கோல் போதாது, அதனைக் கூட்டவேண்டும். மாற்றிய ஒவ்வொரு முறையும் சோதனையைத் திரும்பச் செய்தல் இன்றியமையாதது.

மலையேறினால் வேறு கணக்கு

இப்பகுதிப் பணியாளர் சிறப்பாகக் கருதவேண்டியது உயரம். மலம்புழையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 115 மீட்டர். மாட்டுப்பட்டி நீர்த்தேக்கமோ ஏறக்குறைய 1600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் இயந்திரம் தன் முறுக்குவிசையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை இழக்கும். விசிறியைச் சுழற்ற வேண்டிய முறுக்குவிசையோ சுற்றுகளின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மலம்புழையில் 5400 சுற்று சுழன்ற அதே இயந்திரம், அதே படகிலும் அதே விசிறியிலும், மாட்டுப்பட்டியில் 5000 அளவிலேயே நின்றுவிடும். இரண்டு அங்குலம் குறைந்த புரிக்கோல் சுற்றுகளை மீட்டுத்தரும். ஆயினும் இழந்த திறன் மீள்வதில்லை. ஆதலின் சுமையையும் குறைத்தல் வேண்டும். கார்புரேட்டர் உள்ள இயந்திரமாயின் அதனையும் அவ்வுயரத்திற்கேற்பத் திருத்துதல் நன்று.

கவனிக்க வேண்டிய பிற செய்திகள்

விசிறியை மாற்றுமுன் இயந்திரம் பூட்டிய உயரத்தைக் காணவேண்டும். 15 அங்குலப் பின்பலகைக்கு ஒருவகை, 20 அங்குலத்திற்கு நீண்ட தண்டுடைய மற்றொரு வகை எனப் பொதுவாக இரு அளவுகள் உள்ளன. விசிறிக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ சிறிது தாழ்ந்தோ இருத்தல் வேண்டும். மேலே இருப்பின் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். இதனைப் புரிக்கோலின் குற்றம் எனக் கொண்டு விசிறியை மாற்றுவது பொருட்செலவேயன்றிப் பயன் தராது.

நீர் வற்றும் காலத்தில் அணைகளுள் மூழ்கிய மரக்கட்டைகளும் பாறைகளும் மேலெழும். அத்தகைய இடங்களில் அலுமினிய விசிறி ஏற்றது. அதன் இதழ் வளைந்தாலும் விலையுயர்ந்த பற்சக்கரம் தப்பும். வளைந்த இதழோடு ஓட்டுதல் கூடாது. அதிர்வு அச்சைத் தேய்க்கும். கனத்த சுமைக்கு நான்கு இதழ் விசிறி நீரை நன்கு பற்றும். வேகம் சிறிது குறையலாம்.

பள்ளியில் செய்துகாட்ட

செங்கோண முக்கோணமாக வெட்டிய தாளின் நிமிர்ந்த பக்கத்தைப் பென்சிலோடு ஒட்டிச் சுற்றினால், சாய்ந்த பக்கம் திருகுபோல் அமையும். அடுத்தடுத்த இரு புரிகளின் இடைவெளியே புரிக்கோல். மாணவர் அதனை அளவுகோலால் அளந்தபின், மேற்கண்ட எண்களைக் கொண்டு நழுவலைத் தாமே கணக்கிடலாம்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்று வலுத்து வீசும் நாளில், நீர்த்தேக்கத்தின் நடுவே இயந்திரம் நின்றுவிடின் அப்படகிலுள்ளோர் படும் இடர் சிறிதன்று. புதிய இயந்திரத்தோடு ஒரு முற்பகலைச் சோதனைக்கும் ஒதுக்கி, பளு, சுற்று, புரிக்கோல், வேகம் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்து இயந்திரம் மாற்றும் பணியாளர்க்கு அதுவே நல்ல வழிகாட்டியாகும்.