உங்க லெவலுக்கு எந்த அயர்ன்? கோல்ஃப் மட்டைக்குள்ளே ஒளிஞ்சிருக்கும் மெக்கானிக்ஸ்

மக்களே, சின்ன வயசுல சாதாரண பேட்ல எம்.ஆர்.எஃப். ஸ்டிக்கர் ஒட்டி விளையாடினவங்க எத்தனை பேர்? ஸ்டிக்கர் ஒட்டினதால யாரும் சச்சின் ஆகலை. ஆனா அந்த ஆசைக்கு செலவு சில ரூபாய்தான். அதே ஆசை கோல்ஃப்ல வந்தா பில் லட்சத்தைத் தொடும். டிவியில சாம்பியன் கையில பார்த்த மெல்லிசான, பளபளன்னு இருக்கற மட்டையையே வாங்கி, பந்து தரையை விட்டு எழும்பவே மாட்டேங்குதுன்னு நொந்து, "இந்த கேம் நமக்கு வராது"ன்னு விட்டுடறவங்க உண்டு. பல நேரத்துல தப்பு ஆள் மேல இல்லை. அந்த மட்டை அவருக்காக செஞ்சதே இல்லை.

"நமக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்? ஊட்டி, கொடைக்கானல் டூர்ல பஸ் ஜன்னல் வழியா பார்த்ததோட சரி"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, நம்மள்ல சிலர் ஆன்சைட்டோ எம்.எஸ்ஸோ போற ஊர்ல பொது கோல்ஃப் மைதானம் சாதாரண விஷயம். ரெண்டு, நாம செகண்ட் இயர்ல படிச்ச மொமென்ட் ஆஃப் இனெர்ஷியாவை கையில பிடிச்சுப் பார்க்கறதுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்கிறது கஷ்டம்.

முதல்ல, அயர்ன்னா என்ன?

கோல்ஃப் விதிப்படி ஒரு ஆட்டக்காரர் அதிகபட்சம் 14 மட்டைகளை எடுத்துட்டுப் போகலாம். தூரமா அடிக்க டிரைவர், குழிக்குள்ள உருட்ட பட்டர், இது ரெண்டுக்கும் நடுவுல பெரும்பாலான வேலையைச் செய்யறது அயர்ன்கள். பொதுவா 4லருந்து 9 வரைக்கும் நம்பர் போட்டிருக்கும், அதுக்கப்புறம் வெட்ஜ்கள். நம்பர் ஏற ஏற ரெண்டு விஷயம் மாறும். தண்டோட நீளம் ஒவ்வொரு நம்பருக்கும் சுமார் அரை இன்ச் குறையும். முகத்தோட சாய்வு, அதாவது லாஃப்ட், சுமார் 3, 4 டிகிரி கூடும். சாய்வு அதிகமானா பந்து உயரமா போய், கிட்டக்க விழும். அவ்வளவுதான் கணக்கு.

அடிக்கப்படற பந்து அதிகபட்சம் 45.93 கிராம், குறைஞ்சபட்சம் 42.67 மி.மீ. விட்டம். மட்டையும் பந்தும் தொட்டுக்கற நேரம் சுமார் அரை மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள்ள நீங்க எதையும் திருத்த முடியாது. மூளைக்கு "தப்பா பட்டுடுச்சு"ன்னு தெரியறதுக்கு முன்னாடியே பந்து கிளம்பிடும். அதனாலதான் தப்பைத் தாங்கிக்கற வேலையை மட்டையோட வடிவமைப்பே செய்யணும்.

நடுவுல படலைன்னா என்ன ஆகும்?

கிரிக்கெட்ல பந்து பேட்டோட ஓரத்துல பட்டா கை விர்ருன்னு அதிருமே, ஞாபகம் இருக்கா? பந்து தர்ற விசை மட்டையோட ஈர்ப்பு மையத்துக்கு நேரா வரலை, அதனால மட்டை திரும்புது. அயர்ன்லயும் இதேதான். பந்து நுனிப் பக்கம் பட்டா முகம் திறந்துக்கும். பந்துக்குப் போக வேண்டிய ஆற்றல்ல ஒரு பங்கு மட்டையைத் திருப்பறதுல வீணாகும். திசையும் போச்சு, தூரமும் போச்சு.

இந்தத் திரும்பலை எதிர்க்கறதுதான் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா. பிளஸ் ஒன் புத்தகத்துல நிலைமத் திருப்புத்திறன்னு படிச்சிருப்பீங்க. நிறையை, அச்சிலிருந்து இருக்கற தூரத்தோட வர்க்கத்தால பெருக்கணும். வர்க்கம் என்பதுதான் இங்கே முக்கியம். ரெண்டு 100 கிராம் எடைகளை மையத்திலிருந்து ரெண்டு பக்கமும் 2 செ.மீ. தள்ளி வைங்க: மதிப்பு 800. அதே எடைகளை 4 செ.மீ. தள்ளி வைங்க: 3200. எடை ஒரு கிராம்கூட ஏறலை. திரும்ப மறுக்கற குணம் மட்டும் நாலு மடங்கு ஆயிடுச்சு.

இதைத்தான் கேவிட்டி பேக் அயர்ன் செய்யுது. முகத்துக்குப் பின்னாடி நடுவுல இருக்கற இரும்பைக் குடைஞ்சு எடுத்து, அதை ஓரங்களுக்கும் அடிப்பகுதிக்கும் மாத்திடறாங்க. பழைய பாணி பிளேட் அயர்ன்ல எடை நடுவுலயே குவிஞ்சிருக்கும். சரியா பட்டா சொர்க்கம், அரை இன்ச் தள்ளிப் பட்டா தண்டனை.

இதை யோசிச்ச இன்ஜினியர்

ஓரத்துக்கு எடையை மாத்தற யோசனையைப் பரவலாக்கினவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911ல நார்வேயில பிறந்து, சின்ன வயசுலயே குடும்பத்தோட அமெரிக்கா போனவர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்து, பணமில்லாம பாதியில விட்டுட்டு செருப்புத் தைக்கற தொழில் பார்த்தவர். பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில இன்ஜினியர் ஆனார். கூட வேலை பார்த்தவங்க கூப்பிட்டதால கோல்ஃப் ஆட ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 42.

அவருக்குப் பட்டிங் சரியா வரலை. மட்டை கையில திரும்பறதைக் கவனிச்சு, எடையை ரெண்டு ஓரத்துக்கும் பிரிச்சு வெச்சு ஒரு பட்டர் செஞ்சார். 1959ல வீட்டு கராஜ்ல செஞ்ச அந்த பட்டர் பந்தை அடிக்கும்போது 'பிங்'னு சத்தம் வந்தது. அதுவே கம்பெனி பேரும் ஆயிடுச்சு. 1967ல வேலையை விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கினார். 1982ல வந்த பிங் ஐ2 அயர்ன், கேவிட்டி பேக்கை உலகம் முழுக்கக் கொண்டு போன மாடல்கள்ல ஒண்ணு.

பின்பக்கம் குடைஞ்ச வடிவத்தை சுத்தியல் அடிச்சு ஃபோர்ஜ் பண்றது சிரமம். அதுக்கு அவங்க எடுத்த வழி இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங். மெழுகுல மாதிரி செய்யணும், அதைச் சுத்தி ஓடு கட்டணும், மெழுகை உருக்கி வெளியேத்தணும், அந்த இடத்துல உலோகத்தை ஊத்தணும். எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? சுவாமிமலையில ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கறதும் இதே தத்துவம்தான். அங்கே காவிரிக்கரை வண்டல் மண், இங்கே செராமிக் கூழ்.

ஈர்ப்பு மையம் ஏன் கீழே இருக்கணும்?

புதுசா ஆடறவங்களோட பெரிய கஷ்டம், பந்து மேலே எழும்பாம தரையோட போறது. அயர்ன் ஷாட்ல பந்து புல் மேலயே கிடக்கும். அதனால பழகாத கைக்கு அடி பெரும்பாலும் முகத்தோட கீழ்ப்பகுதியில விழும். ஈர்ப்பு மையம் அதைவிட மேல இருந்தா, பந்து தர்ற விசை மட்டையோட அடிப்பகுதியைப் பின்னாடி தள்ளும், மேல்பகுதி முன்னாடி சாயும். லாஃப்ட் குறைஞ்சு பந்து தாழ்வா போகும். எடையைக் கீழே இறக்கி அடிப்பகுதியை அகலமாக்கினா இந்தப் பிரச்சினை குறையும். அகலமான அடிப்பகுதிக்கு இன்னொரு லாபமும் உண்டு: பந்துக்கு முன்னாடி மண்ணுல பட்டாலும் கடப்பாரை மாதிரி உள்ளே இறங்காம வழுக்கிட்டுப் போகும்.

சரி, யாருக்கு எது?

கோல்ஃப்ல திறமையை அளக்கற எண் ஹேண்டிகேப். 72 ஷாட் எதிர்பார்க்கற மைதானத்துல நல்லா ஆடற நாள்ல 92 வருதுன்னா, ஹேண்டிகேப் சுமார் 20. குறைய குறைய திறமை அதிகம். உச்சவரம்பு 54. கீழே இருக்கறது சட்டமில்லை, ஒரு வழிகாட்டி மட்டும்தான்.

புதுசா ஆரம்பிக்கறவங்க, 20க்கு மேல உள்ளவங்க: சூப்பர் கேம் இம்ப்ரூவ்மென்ட் வகை. தடிமனான மேல்விளிம்பு, அகலமான அடி, எடை எல்லாம் கீழேயும் ஓரத்துலயும். பார்க்க அழகா இருக்காது. இருக்கட்டும்.

10லருந்து 20 வரை: கேம் இம்ப்ரூவ்மென்ட். கேவிட்டி பேக் இருக்கும், அடி கொஞ்சம் ஒல்லி. பெரும்பாலானவங்க வாழ்நாள் முழுக்க இதுலயே சந்தோஷமா ஆடலாம்.

10க்குக் கீழே: பிளேயர்ஸ் கேவிட்டி. சின்ன தலை, மெல்லிய அடி. பந்தை வேணும்னே உயரமா, தாழ்வா, வளைச்சு அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு.

5க்கும் கீழே: பிளேட் எடுக்கலாம், எடுத்தே ஆகணும்னு இல்லை. உலக நம்பர் ஒன் ஸ்காட்டி ஷெஃப்லரே குட்டை அயர்ன்களுக்கு பிளேடும், அடிக்கக் கஷ்டமான நீண்ட அயர்ன்களுக்கு மன்னிக்கற குணமுள்ள வேற மாடலும் கலந்து வெச்சு ஆடினவர். அவருக்கே உதவி தேவைப்படுதுன்னா நமக்கு என்ன வெட்கம்?

ஹேண்டிகேப் இன்னும் இல்லையா? ஒரு எளிய சோதனை இருக்கு. 7 அயர்ன் முகத்துல லேசா பவுடர் பூசுங்க. 20 பந்து அடிங்க. ஒவ்வொரு அடிக்கும் பந்து பட்ட இடத்தை போன்ல படம் எடுத்துட்டு, துடைச்சுப் பூசிட்டு அடுத்தது. பெரும்பாலான தடங்கள் ஒரு பத்து ரூபா நாணயத்துக்குள்ள அடங்கினா சின்ன தலைக்கு நீங்க தயார். முகம் முழுக்கக் கோலப்புள்ளி மாதிரி சிதறியிருந்தா கேவிட்டி பேக்தான். எந்த விளம்பரத்தையும்விட இந்த 20 படங்களை நம்புங்க.

நம்பர்ல இருக்கற தந்திரம்

"எங்க 7 அயர்ன் 15 யார்டு கூடுதலா போகும்"னு விளம்பரம் வந்தா உடனே லாஃப்ட் எவ்வளவுன்னு பாருங்க. டைட்லிஸ்ட் டி100 மாடல்ல 7 அயர்ன் 34 டிகிரி. டெய்லர்மேட் ஸ்டெல்த்ல அதே 7 அயர்ன் 28 டிகிரி. டி100ல 6 அயர்ன் 30, 5 அயர்ன் 27. அப்போ ஸ்டெல்த்ல 7னு எழுதியிருக்கறது, டி100 கணக்குல 5க்கும் 6க்கும் நடுவுல வருது. தூரமா போகாம என்ன செய்யும்?

இதை முழுக்க ஏமாத்துன்னு சொல்ல முடியாது. ஈர்ப்பு மையம் கீழே இருக்கறதால பந்து தானாவே உயரும், அதை ஈடுகட்ட லாஃப்ட்டைக் குறைக்கறாங்க. ஆனா ரெண்டு விளைவு உண்டு. ஒண்ணு, மெதுவா வீசறவங்களுக்கு இந்த லாஃப்ட்ல பந்து போதுமான உயரம் போகாது. கிரீன்ல விழுந்தும் நிக்காம உருண்டு வெளியே போகும். தூரம் கிடைச்சும் பிரயோஜனமில்லை. ரெண்டு, அந்த செட்ல பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி. நீங்க வெச்சிருக்கற சாண்ட் வெட்ஜ் 56னா நடுவுல 13 டிகிரி ஓட்டை. அதை அடைக்க இன்னொரு வெட்ஜ் வாங்கணும். ஆக, ஒப்பிடும்போது நம்பரோட நம்பரை ஒப்பிடாதீங்க, டிகிரியோட டிகிரியை ஒப்பிடுங்க.

தண்டும் கோணமும்

தலையைப் பத்தி இவ்வளவு பேசிட்டு தண்டை விட்டா பாவம். ஸ்டீல் தண்டு சுமார் 95லருந்து 130 கிராம், கிராஃபைட் அதைவிட லேசு. மெதுவா வீசறவங்களுக்கும் மணிக்கட்டு, முழங்கை வலி இருக்கறவங்களுக்கும் லேசான தண்டு நல்லது. வளைவுத்தன்மையை ரெகுலர், ஸ்டிஃப்னு எழுதியிருப்பாங்க. வேடிக்கை என்னன்னா, இதுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோலே கிடையாது. ஒருத்தரோட ரெகுலர் இன்னொருத்தரோட ஸ்டிஃப்பா இருக்கலாம். எழுத்தைப் பார்க்காதீங்க, அடிச்சுப் பாருங்க.

அடுத்தது லை ஆங்கிள், தண்டும் தரையும் சேர்ற கோணம். வலது கைக்காரருக்கு மட்டையோட நுனி தூக்கியிருந்தா பந்து இடது பக்கம் போகும், குதிகால் தூக்கியிருந்தா வலது பக்கம். பந்து மேல வைட்போர்டு மார்க்கரால செங்குத்தா ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு முகத்தைப் பார்த்து இருக்கற மாதிரி வெச்சு அடிங்க. முகத்துல பதியற கோடு நேரா இருந்தா கோணம் சரி, சாஞ்சிருந்தா கோணத்தை மாத்தணும். நல்லா வீசியும் பந்து ஒரே பக்கமா போகுதுன்னா, உங்க ஸ்விங்கைத் திட்டறதுக்கு முன்னாடி இதைச் சோதிச்சுடுங்க.

பட்ஜெட் நம்மளதுன்னா

பழைய செட் வாங்கறதுல தப்பே இல்லை. இது போன் இல்லை, ரெண்டு வருஷத்துல அப்டேட் நிக்கறதுக்கு. பத்து வருஷத்துக்கு முந்தின கேவிட்டி பேக்லயும் நிலைமத் திருப்புத்திறன் அதேதான். வாங்கும்போது முகத்துல இருக்கற கோடுகள் தேஞ்சிருக்கான்னு பாருங்க, தண்டுல துரு, வளைவு இருக்கான்னு பாருங்க, எல்லா மட்டைக்கும் ஒரே வகை தண்டான்னு கேளுங்க. கிரிப் தேஞ்சிருந்தா கவலை வேண்டாம், அதை மாத்திக்கலாம். 14 மட்டையும் முதல் நாளே வேண்டாம். ஒரு ஹைப்ரிட், 7, 9, பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். பழக இது தாராளம்.

கடைசியா ஒண்ணு. மன்னிக்கற மட்டை வாங்கினா கத்துக்க மாட்டோம், பிளேட்ல அடிபட்டுத்தான் தேறணும்னு சிலர் அறிவுரை சொல்வாங்க. மட்டை உங்க ஸ்விங்கைத் திருத்தாது, உண்மைதான். ஆனா பந்து எழும்பினாத்தான் நாளைக்கும் பயிற்சிக்குப் போகத் தோணும், பயிற்சிக்குப் போனாத்தான் ஸ்விங் திருந்தும். அடுத்த வருஷம் ஆகப்போற ஆளுக்காக வாங்காதீங்க. இன்னைக்கு இருக்கற ஆளுக்கு வாங்குங்க. பவுடர் தடம் நாணயத்துக்குள்ள சுருங்கற அன்னைக்கு அடுத்த செட்டைப் பத்தி யோசிச்சுக்கலாம்.