பழைய பிஸ்டனைப் பட்டறையில் விட்டுவராதீர்கள்

“பிஸ்டன் போயிருச்சு சார், இன்ஜினை இறக்கணும்.” இதைக் கேட்டதும் கார்க்காரர் பதறிப்போய், “எவ்வளவு ஆகும்?” என்கிறார். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: எந்த சிலிண்டர்? எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

நீலப் புகை வந்தாலே பிஸ்டன்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எங்கோ ஆயில் எரிகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் புகைத்துவிட்டு அடங்கினால், முதல் சந்தேகம் வால்வு சீல் மீது விழ வேண்டும். பல வண்டிகளில் இன்ஜினை இறக்காமலே அதை மாற்றலாம். செலவும் மிகக் குறைவு. டர்போ உள்ள வண்டியில் டர்போவும் ஆயிலைத் தள்ளும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகை வந்து, ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் அங்கேயும் புகை வேகமாகப் பீறிட்டால்தான் ரிங், பிஸ்டன் பக்கம் போக வேண்டும்.

அதை உறுதிசெய்வது கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் இன்ஜினில் பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்ப்பார்கள். பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். மூன்று சிலிண்டர்கள் 170 காட்ட, ஒன்று மட்டும் 90-ல் நின்றால் கோளாறு அங்கேதான். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, ஹெட் கேஸ்கெட் அல்லது பிஸ்டனிலேயே ஓட்டை. பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டு பிஸ்டனின் தலையைப் படமும் எடுக்கலாம். எண்களையும் படங்களையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே பிரிக்கச் சம்மதியுங்கள். பிரித்துவிட்டால் இந்தச் சோதனையை யாராலும் திரும்பச் செய்ய முடியாது.

கழற்றிய பிஸ்டன்தான் நடந்ததைச் சொல்லும் சாட்சி. டீசல் இன்ஜினில் அதன் தலை உருகியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகியிருக்க வாய்ப்பு அதிகம். ரிங் உட்காரும் பள்ளங்களின் ஓரம் உடைந்திருந்தால் இன்ஜின் நாக்கிங்கில் அடிவாங்கியிருக்கிறது. பக்கவாட்டில் நான்கு இடங்களில் உரசல் இருந்தால் ஓவர்ஹீட்டை நினைக்க வேண்டும். கனெக்டிங் ராடு வளைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். இந்தக் காரணத்தைத் தேடாமல் புது பிஸ்டனைப் போட்டு மூடினால் அதுவும் அதே வழியில் போகும். ஒழுகும் இன்ஜெக்டர் அப்படியே இருக்கும்போது பிஸ்டனை மட்டும் மாற்றுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

சிலிண்டர் போரை அளந்தார்களா என்றும் கேளுங்கள். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். மீறியிருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள், இல்லையேல் ஸ்லீவ். வேலை எதுவானாலும் எழுத்தில் எஸ்டிமேட், பார்ட் நம்பருடன் ஜி.எஸ்.டி. பில், கழற்றிய பழைய பாகங்கள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் ஆபத்து இரட்டிப்பு. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலேறும்போது ராடு வளைந்துவிடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், இப்படிப் பின்னால் விளைந்த சேதம் என்று சொல்லி க்ளெய்மை மறுப்பது வழக்கம். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் கவர் தனியாக எடுத்திருக்க வேண்டும். அது இருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே இன்ஜினைப் பிரிக்க வேண்டும். மறுத்தால் சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் முதலில் எழுதுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பட்டறையின் வேலையில் குறை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அங்கே தீராவிட்டால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வேலை முடிந்து சில வாரங்களில் இன்ஜின் மறுபடி பிடித்துக்கொண்டால், கோபத்தில் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுகிறார்கள். முதல் பட்டறைக்காரர், “அவங்க கை வெச்சதாலதான் இப்படி” என்று எளிதாகத் தப்பித்துவிடுவார். முதலில் அவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவரையும், சம்பந்தமில்லாத ஒரு ஆட்டோமொபைல் பொறியாளரையும் வைத்துக்கொண்டு இன்ஜினைத் திறந்து, பொறியாளரின் அறிக்கையைக் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.