லினக்ஸ் மடிக்கணினியில் உறக்கநிலைக்குப் பின் திரைக் கோளாறு

உறங்க வைத்த மடிக்கணினியை மீண்டும் எழுப்பும்போது விசிறி சுழன்று, விளக்குகள் எரிந்தும் திரை மட்டும் கறுப்பாகவே இருப்பது உறக்கநிலைக்குப் பின் வரும் திரைக் கோளாறு ஆகும். திரை சிமிட்டுவதும் பழைய காட்சியிலேயே உறைந்து நிற்பதும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழியாகத் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். அத்தகைய பழைய கணினிகளில் புதிய லினக்ஸ் நிறுவுவோர் இக்கோளாறைத் திரைப் பழுது என்று எண்ணி, தேவையின்றிப் புதுத் திரை வாங்கிவிடுவதுண்டு.

காரணம்

வழக்கமான உறக்கத்தில் நினைவகத்துக்கு மட்டுமே மின்சாரம் கிடைக்கும். வரைகலைச் சில்லு அணைந்து, அதன் அமைவுகள் அழிந்துவிடும். எழும்போது அவை அனைத்தையும் இயக்கி மீண்டும் எழுத வேண்டும். ஒரு படி தவறினாலும் திரைக்குப் படம் வராது. முன்பு திரை அமைவை எக்ஸ் சேவையகம் கவனித்தது. 2009இல் வெளியான 2.6.29 கெர்னலில் இன்டெல் இயக்கியின் வழியாக அந்தப் பொறுப்பு கெர்னலுக்கு மாறியபின் நிலைமை பெரிதும் சீரானது. இன்டெல், ஏஎம்டி இயக்கிகளை அந்நிறுவனப் பொறியாளர்களே எழுதுகின்றனர். என்விடியா சில்லுகளுக்கான நூவோ, சில்லின் நடத்தையை ஆராய்ந்து தன்னார்வலர்கள் தொடங்கியது. எனவே அதில் இத்தகைய கோளாறு நீடித்தால் வியப்பில்லை.

எங்கே சிக்கியது?

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்த வேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிருடன் இருக்கிறது. இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது மங்கலாகப் படம் தெரிந்தால், சிக்கல் பின்னொளியில் மட்டுமே. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் எழுத்துத் திரை வந்தால், இயக்கியைவிட மேசைத்தளத்தையே சந்தேகிக்க வேண்டும்.

தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் திரைக் கம்பியின் இணைப்பு அரிக்கப்படுவதும் உண்டு. ஆனால் அந்தப் பழுது உறக்கத்துக்காகக் காத்திருக்காது; வேலையின் நடுவே மூடியை அசைத்தாலும் திரை சிமிட்டும். மூடியை மூடாமல் பட்டியிலிருந்தே கணினியை உறங்க வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

எதற்கும் அசையாத கணினியின் மின்விசையை அழுத்திப் பிடித்து அணைப்பது கடைசி வழி. அதற்கு முன் ஆல்ட், சிஸ்ரிக் விசைகளைப் பிடித்தபடி எஸ், யு, பி ஆகியவற்றைச் சற்று இடைவெளி விட்டு அழுத்தலாம். வட்டில் எழுதவேண்டியவை எழுதப்பட்டு, கணினி மறுதுவங்கும். சேமிக்காத கட்டுரை திரும்பாது, கோப்பமைப்பு தப்பிக்கும்.

சரிசெய்தல்

மறுதுவக்கிய பின், முந்தைய துவக்கத்தின் பதிவை ஜர்னல்சிடிஎல் கட்டளையால் படிக்க வேண்டும். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால் அதை நிறுவுவதே முதல் வேலை. 2023இல் வந்த டெபியன் 12க்கு முன், கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கப்படவில்லை. ஏஎம்டி சில்லு உள்ளோர் இதில் அதிகம் தடுமாறினர்.

அடுத்து, கெர்னலின் பிஎம் டெஸ்ட் வசதியில் 'டிவைசஸ்' நிலையைத் தேர்ந்து கணினியை உறங்கச் சொன்னால், அது சாதனங்களை மட்டும் நிறுத்தி, ஐந்து நொடியில் எழுப்பும். அப்போதே திரை போனால் சிக்கல் பெரும்பாலும் இயக்கியில்தான்; அதில் தேறி உண்மையான உறக்கத்தில் மட்டும் போனால் பயாசையும் சந்தேகிக்கலாம். புதிய கணினிகளில் ஆழ்ந்த உறக்கம், எஸ்2ஐடில் எனப்படும் மேலோட்ட உறக்கம் ஆகிய இரண்டும் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பார்க்கலாம். இன்டெல் கணினியில் எழுந்தபின் திரை சிமிட்டினால், மின்சாரம் மிச்சப்படுத்தும் பிஎஸ்ஆர் வசதியை அணைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பலரும் பரிந்துரைக்கும் 'நோமோட்செட்' தீர்வல்ல. அது வரைகலை இயக்கியையே விலக்கிவிடும். உறங்கி எழுவது அதனால் மேலும் கெடவே வாய்ப்பு அதிகம்.

பழைய கெர்னலில் சரியாக எழுந்த கணினி புதியதில் எழவில்லை என்றால், துவக்கப் பட்டியில் பழையதைத் தேர்ந்து பணியைத் தொடரலாம். எந்தப் பதிப்பு வரை சரியாக இயங்கியது என்பதையும் பதிவின் நகலையும் சேர்த்து, ஃப்ரீடெஸ்க்டாப் தளத்தில் அந்தந்த இயக்கிக்குரிய வழுப் பட்டியலில் தெரிவிக்கலாம். பழுதைப் புகுத்திய மாற்றத்தைத் தேடிப்பிடிக்க நிரலாளர்களுக்கு முதலில் வேண்டியது அந்தப் பதிப்பு எண்தான்.