இங்கிலாந்தின் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி விதிகள்

இங்கிலாந்தில் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் விதிகள் 2015 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. 2022 இல் இவை விரிவுபடுத்தப்பட்டன. புலன்களால் அறிய முடியாத ஒரு நச்சு வாயுவிலிருந்து குடியிருப்போரைக் காப்பதே இவற்றின் நோக்கமாகும்.

பின்னணி

விறகு, நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் போன்ற எரிபொருள்கள் போதிய ஆக்சிஜன் இன்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. கொதிகலன் பழுதடைந்தாலோ புகைபோக்கி அடைபட்டாலோ இது வீட்டுக்குள் பரவும். இதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணைவதால், உடல் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் செல்வது தடைபடுகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகிய தொடக்க அறிகுறிகள் காய்ச்சலின் அறிகுறிகளை ஒத்திருப்பதால் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. உறங்குபவர் எதையும் உணராமலே இறந்துவிடக்கூடும்.

வாடகை வீட்டின் கொதிகலனையும் புகைபோக்கியையும் பராமரிப்பவர் உரிமையாளர். அவை பழுதானால் பாதிக்கப்படுபவர் குடியிருப்பவர். எனவே கருவியைப் பொருத்தும் கடமையை விதிகள் உரிமையாளரிடமே ஒப்படைக்கின்றன.

விதிகள்

2015 ஆம் ஆண்டு விதிகள் தனியார் உரிமையாளர்களுக்கு மட்டுமே பொருந்தின. விறகு, நிலக்கரி போன்ற திட எரிபொருள் எரியும் அறைகளில் மட்டும் கருவி கட்டாயமாக இருந்தது. எரிவாயுக் கொதிகலன் உள்ள அறைகள் விடுபட்டிருந்தன. 2022 அக்டோபர் 1 முதல் இந்த இடைவெளி நீக்கப்பட்டது. எரிவாயு, எண்ணெய்க் கொதிகலன் உட்பட, எரிபொருளை எரிக்கும் நிலையான சாதனம் உள்ள ஒவ்வொரு குடியிருப்பு அறையிலும் கருவி வேண்டும். உள்ளாட்சி மன்றங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் வழங்கும் வாடகை வீடுகளும் சேர்க்கப்பட்டன. சமையல் எரிவாயு அடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு.

புதிய வாடகைக் காலம் தொடங்கும் நாளில் கருவி இயங்குவதை உரிமையாளர் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் பழுது தெரிவிக்கப்பட்டால் அதைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். விதியை மீறுவோருக்கு உள்ளாட்சி மன்றம் அறிவிப்பு அனுப்பும். 28 நாட்களுக்குள் குறையைக் களையாவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

கருவி இயங்கும் முறை

ஐரோப்பியத் தரநிலையின்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு கார்பன் மோனாக்சைடு நீடித்தால் கருவி 60 முதல் 90 நிமிடங்களுக்குள் ஒலிக்க வேண்டும். 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள் ஒலிக்க வேண்டும். புகையை மட்டும் கண்டறியும் கருவி இவ்வாயுவை உணராது.

வரம்புகள்

உரிமையாளரே வசிக்கும் வீடுகளுக்கு இவ்விதிகள் பொருந்தா. கருவி ஆபத்தை அறிவிக்குமே தவிர வாயு உருவாவதைத் தடுக்காது. ஆகவே கொதிகலனை ஆண்டுதோறும் சோதிப்பதும் புகைபோக்கியைத் தூய்மைப்படுத்துவதும் தேவையாகவே உள்ளன. கருவி ஒலித்தால் கதவு, ஜன்னல்களைத் திறந்து, சாதனங்களை நிறுத்திவிட்டு, அனைவரும் உடனே வெளியேற வேண்டும்.