தொடுவதற்கு முன் எடுக்க வேண்டிய படம்

குற்றப் புலனாய்வில் பல வேலைகளை இரண்டாம் முறை செய்துகொள்ள முடியும். சாட்சியை மறுபடி அழைத்து விசாரிக்கலாம். ஆய்வகத்துக்குப் போன கத்தியை இன்னொரு நிபுணரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். சம்பவ இடம் மட்டும் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். உடலைத் தூக்கியதும், கண்ணாடித் துண்டைப் பொறுக்கியதும், யாரோ ஒருவர் குறுக்கே நடந்ததும் அந்த இடம் வேறாகிவிடுகிறது. அடிபட்டவர் உயிரோடு இருந்தால் அவரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. மற்றபடி எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும் என்பது தடயவியலின் அடிப்படை விதி.

இந்த வேலைக்கு ஒரு முறையை வகுத்தவர் பாரிஸ் காவல் துறையில் இருந்த அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன். உயரமான முக்காலியில் கேமராவை ஏற்றி, கிடக்கும் உடலுக்கு நேர் மேலிருந்து அவர் படம் எடுத்தார். படத்தின் ஓரத்தில் அளவுக்கோடுகளைச் சேர்த்து, அறைக்குள் இருந்த தூரங்களைப் படத்திலிருந்தே கணக்கிட வழி செய்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் 1909-இல் தடயவியல் கல்வி நிலையத்தைத் தொடங்கிய ருடால்ஃப் ரைஸும் அடிப்படையில் ஒரு புகைப்பட நிபுணர்தான்.

தமிழ்நாட்டில் சம்பவ இடத்துக்குப் போகும் ஆய்வாளர் பார்வை மகஜர் எழுதுவார், மாதிரி வரைபடம் போடுவார். படம் எடுக்கப் பக்கத்து ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவது நெடுங்கால வழக்கம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுத்தவரே கொலை நடந்த வீட்டுக்கும் வந்து, பிறகு அரசுத் தரப்பு சாட்சியாகக் கூண்டில் ஏறியிருக்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு இதை மாற்ற முனைகிறது. 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், தடயம் சேகரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது அது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு.

என்ன எடுக்க வேண்டும், எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதற்குத் திருச்சிக்காரர்கள் மறக்காத ஒரு வழக்கை வைத்துக்கொள்ளலாம். 2019 அக்டோபர் 2 அதிகாலையில் சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியின் சுவரில் துளையிட்டு உள்ளே புகுந்தவர்கள், சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளைக் கொண்டுபோனார்கள். முகமூடி அணிந்த இருவர் கண்காணிப்புக் கேமராவில் பதிவானார்கள். மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப்பொடி தூவப்பட்டிருந்தது.

இப்படியொரு இடத்தில் முதலில் வருவது தொலைவுப் படம். தெருவிலிருந்து கட்டடம், கட்டடத்தின் நான்கு புறமும், பிறகு அறையின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்மூலையை நோக்கி ஒரு படம் என்று போக வேண்டும். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் கொஞ்சம் தெரிய வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தைப் பார்த்தே இராத நீதிபதியால் அறையை மனதுக்குள் சேர்த்துப் பார்க்க முடியும். கேமரா நின்றிருப்பவரின் கண் உயரத்தில் இருப்பது நல்லது.

அடுத்தது நடுத்தூரப் படம். சுவரின் துளையும், இடம்பெயராத ஒரு பொருளும் (ஒரு தூணோ கதவு நிலையோ) ஒரே படத்தில் வர வேண்டும். துளை எங்கே இருக்கிறது என்று சொல்வது இந்தப் படம்தான். அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். இது இல்லாவிட்டால் அருகிலிருந்து எடுத்த படம் எந்தச் சுவருடையது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

மூன்றாவது நெருக்கப் படம். துளையை இருபுறமும் எடுக்க வேண்டும். உடைந்த செங்கல் எந்தப் பக்கம் அதிகம் சிதறியிருக்கிறது என்பது எங்கிருந்து இடித்தார்கள் என்பதைக் காட்டும். கடப்பாரையோ உளியோ பதித்த தழும்பு, அந்தக் கருவி பின்னால் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மிளகாய்ப்பொடியைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் அது பரவியிருக்கும் விதத்தை எடுத்துவிட வேண்டும். நாயைத் தடுக்கத் தூவிய பொடி தூவியவரின் காலடியைப் பிடித்து வைத்திருக்கவும் கூடும். அதே ஆண்டு ஜனவரியில் நம்பர் 1 டோல்கேட் அருகே பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையிலும் சுவரைத் துளைத்தே லாக்கர்களை உடைத்திருந்தார்கள். நகைக்கடை வழக்கில் பிடிபட்ட கும்பலுக்கு அதிலும் தொடர்பு உண்டு என்று போலீசார் பின்னர் கூறினர். ஒரு சம்பவத்தின் படங்கள் இன்னொரு வழக்குக்கும் தேவைப்படலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் எடுப்பது முக்கியம்.

நெருக்கப் படம் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுக்க வேண்டும். முதலில் பொருள் கிடந்தபடியே, பிறகு பக்கத்தில் அளவுகோல் வைத்து. அளவுகோலுக்கு அடியில் எதையோ மறைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாதபடி இந்த ஏற்பாடு. தடயவியலில் பயன்படும் ‘ட’ வடிவ அளவுகோலில் வட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். படத்தில் அந்த வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்தால் கேமரா சாய்ந்திருந்தது என்று பொருள்.

சாய்வு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது ரத்தத்துளியைப் பார்த்தால் புரியும். தரையில் நேராகச் சொட்டிய துளி வட்டமாக இருக்கும், சாய்வாகத் தெறித்த துளி நீண்டிருக்கும். அகலம் நீளத்தில் பாதி என்றால் துளி சுமார் 30 பாகைக் கோணத்தில் வந்து விழுந்திருக்கிறது. பல துளிகளின் கோணங்களைச் சேர்த்துப் பார்த்தால், அடி விழுந்தபோது அந்த மனிதர் நின்றிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா என்பதுவரை மதிப்பிட முடியும். கேமரா தடயத்துக்கு நேர் 90 பாகையில் இல்லாவிட்டால் வட்டமே படத்தில் நீண்டுவிடும். கணக்கு முழுவதும் பிசகும்.

ஒளியைக் கையாளத் தெரியாதவருக்கு விலை உயர்ந்த கேமராவாலும் பயன் இல்லை. காவிரி மணலில் பதிந்த செருப்புத் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். திருச்சியின் உச்சிவெயில் நேர் மேலிருந்து அடிக்கும்போது பள்ளத்தில் நிழலே விழாது, தடம் தட்டையாகத் தெரியும். குடையைப் பிடித்து வெயிலை மறைத்துவிட்டு, பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தரையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், செருப்பின் அடிப்பாகக் கோடுகளும் தேய்ந்த இடங்களும் மேலெழுந்து வரும். இப்படி மூன்று நான்கு திசைகளிலிருந்து ஒளி கொடுத்து எடுக்க வேண்டும். கேமரா தடத்துக்கு நேர் மேலே முக்காலியில் அசையாமல் நிற்க வேண்டும். அளவுகோலை மணலின் மேல்மட்டத்தில் வைக்காமல், பக்கத்தில் சிறிது தோண்டித் தடத்தின் அடிமட்டத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால்தான் அளவு சரியாக வரும். அச்சு வார்ப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். வார்ப்பு உடைந்துபோனாலும் படம் இருக்கும்.

திருச்சியை ஒட்டிய திருவெறும்பூர்ப் பக்கம் சம்பவ இடம் என்றாலே பெரும்பாலும் தஞ்சாவூர் நெடுஞ்சாலைதான் நினைவுக்கு வரும். பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை கேட்டு அங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருவதற்குக் காரணம் அந்த வழியில் நடக்கும் விபத்துகள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு தரும் அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு. ஆகவே 7 ஆண்டு வரம்பை வைத்து நிபுணர் வர வேண்டும் என்ற கட்டாயம் சாதாரண சாலை மரணத்துக்குப் பொருந்தாது. அங்கே படம் எடுக்கப்போவது முதலில் வந்து சேரும் காவலர்தான். இறந்தவரின் குடும்பத்துக்கு நியாயமோ இழப்பீடோ கிடைப்பதில் அந்தக் காவலரின் சில நிமிட வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு அடிப்படைப் பயிற்சி கொடுப்பது எந்த நவீன ஆய்வகத்தைக் கட்டுவதற்கும் குறைந்த வேலை அல்ல.

சாலையில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. போக்குவரத்தைத் திறக்க வண்டிகளை உடனே அகற்றியாக வேண்டும். அதற்குள் வண்டிகள் நின்ற கோலத்தைப் பல பக்கங்களிலிருந்தும் எடுத்து, சக்கரங்கள் இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். பிரேக் போட்டுத் தேய்ந்த டயர் தடத்தின் நீளத்திலிருந்து வண்டியின் வேகத்தைக் கணக்கிட முடியும். தடத்தின் தொடக்கம் மங்கலாக இருக்கும். நின்றபடி பார்த்தால் கண்ணுக்கே படாது. குனிந்து, தடத்தின் நீளவாக்கில் பார்த்து, அளவு நாடாவை ஓட்டிப் போட்டு, இரு முனைகளிலிருந்தும் எடுக்க வேண்டும். தடம் ஓரிடத்தில் திடீரென்று ஒடிந்து திரும்பினால் மோதல் நடந்த இடம் அதுவாக இருக்கலாம். முகப்பு விளக்கின் சுவிட்சும் கியரும் இருந்த நிலையை யாரும் தொடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். இழை உள்ள பல்பாக இருந்தால், மோதும்போது அது எரிந்துகொண்டிருந்ததா என்பதை இழை வளைந்திருக்கும் விதத்தை வைத்தே ஆய்வகம் சொல்லும்.

இரவில் ஒரே பிளாஷ் அடித்தால் அருகில் இருப்பது வெளிறிப்போகும், தூரத்தில் இருப்பது இருட்டில் மறையும். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, உதவியாளர் ஒருவர் சாலையோரம் நடந்தபடி இடத்துக்கு இடம் பிளாஷ் அடித்துக்கொண்டே போனால் முழு இடமும் ஒரே படத்தில் தெளியும்.

சில நேரம் சம்பவ இடத்திலேயே ஒரு கேமரா கிடைக்கும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் புகைப்படக்காரர் ஹரிபாபுவும் இறந்தார். அவருடைய கேமரா சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த 10 படங்கள்தான் புலனாய்வுக்கு முதல் வழியைக் காட்டின. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராக்கள் செய்கின்றன. அவற்றின் கடிகாரம் முன்பின்னாக ஓடுவது சகஜம் என்பதால், திரையில் தெரியும் நேரத்தையும் சரியான கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வைப்பது பின்னால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

செல்போனில் எடுப்பது தவறல்ல. ஆனால் மிக அருகில் பிடித்தால் அகன்ற லென்ஸ் உருவத்தைக் கோணலாக்கும், போன் தானாகவே படத்தை மெருகேற்றும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். நேரம், இடம் முதலிய உள்விவரங்களும் போய்விடும். அதைவிடக் கொடியது, இறந்தவரின் படம் ஊர் முழுக்கச் சுற்றுவது. ஒரு தாய் தன் பிள்ளையின் கடைசிக் கோலத்தை யாரோ ஒருவரின் போனில் பார்க்க நேர்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம்.

முதல் படத்தில் காவல் நிலையம், குற்ற எண், தேதி, நேரம் எழுதிய அட்டை இருக்க வேண்டும். ஒவ்வொரு படமும் எங்கிருந்து எதை நோக்கி எடுத்தது என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மங்கலாக வந்த படத்தையும் அழிக்கக் கூடாது. வரிசை எண்ணில் ஒன்று விடுபட்டால், அதில் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் எண் அதில் இடம்பெறும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே மூலக் கோப்பை எடுத்தபடியே பத்திரப்படுத்திவிட்டு, வெளிச்சம் கூட்டுவது, பெரிதாக்குவது போன்றவற்றை நகலில் மட்டும் செய்து, என்ன செய்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வழக்கும் மேல்முறையீடும் முடியும் வரை மூலக் கோப்பு அப்படியே இருக்க வேண்டும்.